தண்டுவடக் காயத்துக்குப் பின் தன்மதிப்பு: ஓர் ஆசிரியையின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் தனியொருவர் அல்லர். தண்டுவடக் காயத்துக்குப் பின் மறுவாழ்வுப் பிரிவில் உளவளத்துணைக்கு வந்த பலரின் அனுபவங்களைச் சேர்த்து, எவரையும் இனங்காண இயலாதபடி ஒரே ஆளாக இங்கே அமைத்திருக்கிறேன். விபத்தில் உடலின் ஒரு பகுதி இயக்கத்தை இழக்கும்போது தன்மதிப்பும் கூடவே போய்விடுவது இயல்புதானே என்று மருத்துவத் துறையினரே பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் ஓர் அவசரம் இருப்பதாகத் தோன்றுகிறது. காயம் ஒரு நொடியில் ஏற்படுகிறது. தன்மதிப்பு அதன் பிறகு, வீட்டிலும் மருத்துவமனையிலும் பணியிடத்திலும், பல மாதங்களில் சிறுகச் சிறுகக் கரைகிறது. அப்படிக் கரைவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தேடினால் கண்டுபிடிக்க முடியும், பெரும்பாலும் மாற்றவும் முடியும் என்பதைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 38. உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். கணவர், பதினொரு வயது மகள், உடன் வசிக்கும் தாய் என நால்வர் கொண்ட குடும்பம். சாலை விபத்தொன்றில் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாம் மட்டத்தில் முழுமையான காயம் ஏற்பட்டது. இந்த மட்டத்தில் காயம்பட்டவருக்கு ஏறத்தாழத் தொப்புளுக்குக் கீழே தொடு உணர்வும் அசைவும் இருப்பதில்லை. சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடும் போய்விடுகிறது. கைகளும் தோள்களும் மேல் உடம்பின் பெரும்பகுதியும் முழு வலுவோடு இருக்கும். முறையான பயிற்சி பெற்றால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமாக மாறவும், உடை மாற்றவும், குளிக்கவும், கைகளால் இயக்கும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட காரை ஓட்டவும் இந்த மட்டத்தில் காயம்பட்ட பலருக்கு இயலும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உளவளத்துணைக்கு அனுப்பப்பட்டபோது விபத்து நடந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய உடல் எவ்வளவு செய்ய வல்லது என்பதற்கும் அவர் நாள்தோறும் எவ்வளவு செய்துகொண்டிருந்தார் என்பதற்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் பயிற்சியை ஓரளவு கற்ற பிறகு பாதியிலேயே நிறுத்திவிட்டார். இயன்முறை மருத்துவர் அனுப்பிய பரிந்துரைத் தாளில் “ஊக்கம் குறைவு” என்று மட்டும் எழுதியிருந்தது.

முதல் சந்திப்புகள்

ஊக்கமில்லாதவர் என்று சொல்லும்படியான எதையும் முதல் சந்திப்பில் காண முடியவில்லை. தெளிவாகப் பேசினார், தம் காயத்தைப் பற்றி நன்கு படித்து வைத்திருந்தார், எந்த நரம்பு எதை இயக்குகிறது என்பதைக் கரும்பலகை முன் நின்று விளக்குபவரைப் போல விளக்கினார். கவனத்தை ஈர்த்தது வேறொன்று. கதவைத் திறந்து பிடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டார். மேசையை நகர்த்திய உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டார். பேச்சின் நடுவே கண் கலங்கியபோது என்னிடமும் மன்னிப்புக் கேட்டார். தாம் இருப்பதே மற்றவர்களுக்குச் சிரமம் என்ற எண்ணம் அவருடைய ஒவ்வொரு அசைவிலும் படிந்திருந்தது.

“எங்கிட்ட இப்ப யாரும் எதையும் கேக்கிறதில்ல. என்னைப் பத்தித்தான் கேக்கிறாங்க” என்றார்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே அவருடைய ஒரு நாளை விரிவாகச் சொல்லச் சொன்னேன். காலையில் அவர் கண் விழிக்கும்போதே அன்று உடுத்த வேண்டிய உடை கட்டிலருகே எடுத்து வைக்கப்பட்டிருக்கும். எடுத்து வைப்பவர் அவருடைய தாய். எப்போது குளிப்பது, எப்போது படுப்பது, யார் வந்தால் பார்ப்பது, யாரிடம் “தூங்குகிறாள்” என்று சொல்லி அனுப்புவது ஆகிய அனைத்தும் முன்னதாகவே முடிவாகியிருக்கும். வீட்டுக் கணக்கு வழக்குகளை விபத்துக்கு முன் அவர்தான் பார்த்து வந்தார். இப்போது கணவர் பார்க்கிறார். மருத்துவமனைப் பதிவு மேசையில் அவர் எதிரிலேயே அமர்ந்திருக்க, “இவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று பணியாளர் கணவரிடம் கேட்டிருக்கிறார், கணவரும் பதில் சொல்லியிருக்கிறார். வெளியே சென்றால், முன்பின் தெரியாதவர்கள் பின்னாலிருந்து நாற்காலியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கிவிடுகிறார்கள்.

இவையெல்லாவற்றையும் அவர் நிதானமாகவே சொன்னார். மகளைப் பற்றிச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. மகள் ஐந்தாம் வகுப்பு வரை எந்தக் கணக்கையும் தாயிடம் கேட்டே போட்டவள். ஒரு மாலையில், வெவ்வேறு பகுதி எண்கள் கொண்ட பின்னங்களைக் கூட்டும் கணக்கில் சிக்கிக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு தாய் இருந்த அறையைக் கடந்து தந்தையிடம் போயிருக்கிறாள். தந்தைக்குக் கணக்கு அவ்வளவாக வராது. பகுதி எண்களையும் கூட்டித் தவறான விடை எழுதியதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே படுத்திருந்தார் இந்தக் கணித ஆசிரியை. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அவ எங்கிட்ட வரலையே” என்றார். அம்மாவைத் தொந்தரவு செய்யாதே, அம்மாவுக்குக் களைப்பாக இருக்கும் என்று பாட்டி பேத்திக்குச் சொல்லி வைத்திருந்தது பிறகுதான் தெரிய வந்தது.

மதிப்பீடு

முதலில் மனச்சோர்வு இருக்கிறதா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்பது வினாக்கள் கொண்ட பி.எச்.கியூ-9 வினாநிரலை இதற்குப் பயன்படுத்துகிறோம். தண்டுவடக் காயம்பட்டவரிடம் இதன் கூட்டுத்தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கமின்மை, களைப்பு, பசி மாற்றம், அசைவில் மந்தம் ஆகியவற்றைக் கேட்கும் வினாக்களுக்கு, மனச்சோர்வு இல்லாவிட்டாலும், நரம்பு வலியாலும் மருந்துகளாலும் இரவில் புரண்டு படுக்க வேண்டியிருப்பதாலும் உயர்ந்த மதிப்பெண் வந்துவிடும். ஆகவே ஆர்வமிழப்பு, நம்பிக்கையின்மை, குற்றவுணர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகிய வினாக்களைத் தனியே எடுத்து விரிவாகப் பேசினோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. நல்ல செய்தி கேட்டால் மகிழ்ச்சி வந்தது. படிப்பதில் ஆர்வம் இருந்தது. தம்மைப் பற்றிய வினா ஒன்றில் மட்டும் மிக உயர்ந்த மதிப்பைக் குறித்திருந்தார். மனநல மருத்துவரும் பார்த்து, மருந்து தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இல்லை என்று கருதினார்.

தன்மதிப்பை அளக்க மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட அளவுகோலைப் பயன்படுத்தினோம். அதில் பத்துக் கூற்றுகள் உண்டு. ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. 0 முதல் 30 வரை மதிப்பெண் இடும் முறையில், 15க்குக் கீழே வந்தால் குறைந்த தன்மதிப்பு என்று வழக்கமாகக் கொள்வார்கள். அவருடைய மதிப்பெண் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஆனால் கூட்டுத்தொகையைக் காட்டிலும், எந்தக் கூற்றுக்கு என்ன விடை என்பதுதான் பயன்பட்டது. தம்மிடம் நல்ல குணங்கள் பல இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். சில வேளைகளில் தாம் பயனற்றவர் என்று தோன்றுவதை மிக உறுதியாக ஒப்புக்கொண்டார். மற்றவர்களைப் போலத் தம்மாலும் செயல்களைச் செய்ய முடியும் என்ற கூற்றை மறுத்திருந்தார். இந்தக் கடைசிக் கூற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. படியேற முடியாதவர், முடியாது என்ற உண்மையைச் சொன்னாலே மதிப்பெண் குறைந்துவிடும். அதனால் அவர் தம்மைத் தாழ்வாக நினைக்கிறார் என்று பொருளாகாது. எனவே அந்த மறுப்பின் பொருளை அவரிடமே கேட்டேன். “கற்பிக்க முடியுமா?” என்ற கேள்விக்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, “யார் என்னைக் கேட்பார்கள்?” என்றார். திறமை தம்மிடம் இருப்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்தத் திறமை இனி எவருக்கும் வேண்டியதில்லை என்பதே அவருடைய முடிவாக இருந்தது.

எப்படிப் புரிந்துகொண்டோம்

உடல் இயலாமையின் உளவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான பியாட்ரிஸ் ரைட், ஓர் உறுப்பின் இயலாமை ஆளின் மற்ற எல்லாப் பண்புகளின் மீதும் பரவிவிடுவதைப் பற்றி 1960இலேயே எழுதியிருக்கிறார். பார்வையற்றவரிடம் குரலை உயர்த்திப் பேசுவதும், நடக்க இயலாதவருக்கு முடிவெடுக்கவும் இயலாது என்று கொள்வதும் இதன் வெளிப்பாடுகள். இந்த நிகழ்வில் பரவல் இரண்டு கட்டங்களில் நடந்தது. முதலில் சுற்றியிருந்தவர்கள் மனத்தில், கால்களிலிருந்து அறிவுக்கும் தாய்மைக்கும் அது பரவியது. பிறகு, ஏழு மாதங்கள் அப்படியே நடத்தப்பட்டதில், அவரே தம்மை அப்படிப் பார்க்கத் தொடங்கினார். யாருடைய உள்நோக்கமும் இதில் கெட்டதாக இல்லை. தாயின் ஒவ்வொரு செயலும் அன்பிலிருந்தே பிறந்தது; தம் மகளான இவரைக் காப்பாற்ற முடியாமற்போன துக்கத்தை உடை எடுத்து வைப்பதிலும் வருபவர்களைத் திருப்பி அனுப்புவதிலும் அவர் ஆற்றிக்கொண்டிருந்தார். இதைப் புரிந்துகொள்ளாமல் குடும்பத்தைக் குறை சொல்லத் தொடங்கினால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது சிக்கல் பாராட்டு. அவரைச் சுற்றி வசவு இல்லை, பாராட்டுத்தான் நிறைந்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் பாராட்டு, சிரித்தால் பாராட்டு, வெளியே வந்தால் “எவ்வளவு தைரியம்!” என்ற வியப்பு. ஜெனிபர் குரோக்கரும் பிரெண்டா மேஜரும் 1989இல் எழுதிய கட்டுரையொன்றில், இழிவுபடுத்தப்படும் குழுவினர் தமக்கு வரும் எதிர்மறை விமர்சனத்தைப் பிறரின் முன்முடிவின் மேல் சார்த்தித் தம் தன்மதிப்பைக் காத்துக்கொள்ள முடிகிறது என்று விளக்கினார்கள். இதன் மறுபக்கத்தை நான் அடிக்கடி காண்கிறேன். பாராட்டையும் அவர்கள் அதே ஐயத்தோடுதான் வாங்க வேண்டியிருக்கிறது. இது என் வேலைக்குக் கிடைத்ததா, என் நாற்காலிக்குக் கிடைத்ததா என்று தெரியாதபோது, பாராட்டு உள்ளே இறங்குவதில்லை. இந்த ஆசிரியைக்கு விபத்துக்கு முன் கிடைத்த பாராட்டெல்லாம் மாணவர்களின் புரிதலை ஒட்டி வந்தவை. அவற்றை அவரால் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. இப்போது வருபவற்றைச் சரிபார்க்க வழியே இல்லை.

மூன்றாவதை அவர் பல சந்திப்புகளுக்குப் பிறகே சொன்னார். சிறுநீர்க் கசிவு. இரண்டு முறை உறவினர் முன்னிலையில் அது நேர்ந்திருக்கிறது. அதன் பிறகு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்; தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார்; நாற்காலிக்கு மாறும் பயிற்சியை நிறுத்தியதற்கும் அதுவே காரணம், ஏனெனில் உடலைத் தூக்கி நகர்த்தும்போது வயிற்றழுத்தம் கூடிக் கசிவு ஏற்படும். பரிந்துரைத் தாளில் இருந்த “ஊக்கம் குறைவு” என்பதற்குப் பின்னால் இருந்தது இந்த வெட்கம்.

இந்த இடத்தில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இயலாமையை உண்டாக்குவது சமூகத் தடைகளே என்ற பார்வை 1976இல் பிரிட்டனில் உடல் இயலாமை உடையோர் தாமே நடத்திய அமைப்பொன்றின் அறிக்கையில் உருப்பெற்று, 1980களில் மைக் ஆலிவர் என்ற சமூகவியலாளரால் சமூக மாதிரி என்ற பெயரில் பரவியது. என் பணியில் எனக்குப் பெரிதும் துணை நிற்கும் பார்வை அது. ஆயினும் எல்லாத் துன்பத்தையும் அதற்குள் அடக்கிவிட முடியாது. படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் அமைக்கலாம். கசியும் சிறுநீர்ப்பைக்கும் இரவில் எரியும் நரம்பு வலிக்கும் சாய்தளம் கிடையாது. அவற்றுக்கு மருத்துவம் வேண்டும். தன்மதிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கீழ்மட்ட உடல் விவரங்களைக் கேட்கத் தயங்குவதால், நோயாளியின் உண்மையான தடை மாதக்கணக்கில் மறைந்தே கிடக்கிறது.

என்ன செய்தோம்

சிறுநீர்ப்பையிலிருந்தே தொடங்கினோம். 1972இல் ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர் அறிமுகப்படுத்திய சுத்தமான இடைவிட்ட கதீட்டர் முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை: நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, கைகளைச் சுத்தமாகக் கழுவி, மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிடுவது. இதைச் செவிலியர் முன்பே கற்றுக்கொடுத்திருந்தார்; வீட்டில் தாய்தான் செய்துவிட்டுக்கொண்டிருந்தார். கைகள் முழு வலுவோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு இன்னொருவர் இதைச் செய்வதில் உள்ள சங்கடம் எவ்வளவு என்பதை இருவருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. கண்ணாடி வைத்துத் தாமே செய்யப் பழகினார். எவ்வளவு தண்ணீர், எந்த நேரத்தில், எவ்வளவு சிறுநீர் என்று ஒரு நோட்டில் அட்டவணை போட்டார். அதில் கணித ஆசிரியை மீண்டும் தலைகாட்டினார். சிறுநீர்ப்பையின் இறுக்கத்தைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் சேர்த்தார். கசிவு வெகுவாகக் குறைந்தது. பயிற்சிக்கு அவராகவே திரும்பினார். ஊக்கம் பற்றி யாரும் ஒரு சொல் பேச வேண்டியிருக்கவில்லை.

குடும்பத்துடன் நடந்த பேச்சு இதைவிடக் கடினமாக இருந்தது. உதவி செய்யாதீர்கள் என்று சொன்னால் தாய்க்குப் புண்படும். உதவுங்கள் என்றால் பழையபடியே தொடரும். கேட்ட பிறகு உதவுவது, முடிவை அவரிடம் விடுவது என்ற இரண்டை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக் கணக்குகள் அவரிடம் திரும்பின. அவர் எதிரில் யார் கேட்டாலும் “அவளிடமே கேளுங்கள்” என்று கணவர் சொல்லப் பழகினார். தாய் பல வாரங்கள் தவித்தார். தம் மகளான ஆசிரியை தாமே நாற்காலிக்கு மாற முயன்று நெடுநேரம் எடுத்துக்கொள்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தாய்க்குப் பெரும் வேதனை. அந்த வேதனைக்கும் தனியே நேரம் ஒதுக்கிப் பேசினோம். பேத்திக்குத் தாம் சொல்லி வைத்ததை அவரே திரும்பப் பெற்றார். பின்னக் கணக்கு நோட்டு மறுபடி ஆசிரியையின் மடிக்கு வந்தது.

“நான் பாரம்” என்ற எண்ணத்தை நேரடியாக எடுத்து விவாதித்ததில் ஓரளவே பயன் கிடைத்தது. “நீங்கள் பாரமில்லை” என்று யார் சொன்னாலும், சொல்ல வேண்டிய நிலையில் தாம் இருப்பதையே அது உறுதிப்படுத்துவதாக அவர் எடுத்துக்கொண்டார். நேர்மறை வாசகங்களைத் தமக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை உறவினர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அதை நான் ஊக்குவிக்கவில்லை. ஜோஆன் உட் முதலானோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு ஏற்கனவே குறைந்தவர்கள் இத்தகைய வாசகங்களைச் சொல்லிக்கொண்டபோது அவர்களுடைய மனநிலை மேலும் தாழ்ந்ததாகக் கண்டார்கள். என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது. தம்மைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ள அவருக்குச் சான்று வேண்டியிருந்தது, வாசகம் சான்றாகாது.

சான்று முதலில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இதே மட்டத்தில் காயம்பட்டுப் பல ஆண்டுகளாக வேலைக்குப் போய்வரும் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருந்தோம். அவர் ஆறுதல் எதையும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால் மணிக்கு ஒரு முறை முன்னால் சாய்ந்து பிட்டத்தின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதை அடுத்தவர் கண்ணில் படாமல் எப்படிச் செய்வது, கேட்காமல் நாற்காலியைத் தள்ளுபவரைச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி என்ன சொல்வது, மாற்றுடை கொண்ட பையை எங்கே வைப்பது என்பனவற்றைத்தான் சொல்லிக்கொடுத்தார். சில வாரங்களில் பிரிவிலேயே தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளம் நோயாளி ஒருவருக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. இவரைக் கேட்டோம். சிகிச்சைக்காகத் திட்டமிட்டுக் கேட்டதில்லை. ஆள் உண்மையாகவே தேவைப்பட்டார். அந்த வேறுபாட்டை அவர் உடனே உணர்ந்துகொண்டார். அடுத்த சந்திப்பில் தம்மைப் பற்றிப் பேசாமல், அந்த மாணவர் இயற்கணிதத்தில் எங்கே தடுமாறுகிறார் என்பதையே பெரும்பாலும் பேசினார்.

பள்ளிக்குத் திரும்புவதில் நிர்வாகம் முதலில் முன்வைத்தது அலுவலக வேலை. வகுப்பு வேண்டாம், பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதைச் சலுகையாகவே எண்ணிச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று 2008இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான இணக்க ஏற்பாடுகளை, அதாவது ஒருவரின் தேவைக்கேற்பச் செய்யும் மாற்றங்களை, மறுப்பதையும் பாகுபாடு என்கிறது. அதன் 27ஆம் பிரிவு வேலை செய்யும் உரிமையைப் பேசுகிறது. இந்தச் செய்தி அவருக்குச் சட்ட வலுவைக் காட்டிலும் பெரிதாக ஒன்றைத் தந்தது. சலுகையாகக் கிடைப்பதற்கு நாள்தோறும் நன்றி செலுத்த வேண்டும். நன்றிக்கடன் ஏற ஏற ஆள் குனிகிறார். உரிமையாகக் கிடைத்தால் வேலையைப் பார்க்கலாம். அவருடைய வகுப்புகள் தரைத்தளத்துக்கு மாற்றப்பட்டன. தாளில் எழுதுவதைத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி வந்தது. தொடர்ந்து இரண்டு பாட வேளைகளுக்கு மேல் வராதபடி அட்டவணை அமைந்தது.

பின்னடைவு

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் சிறுநீர்த் தொற்று வந்தது. தொற்றின்போது சிறுநீர்ப்பை அட்டவணைக்கு அடங்காது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கசிந்துவிட்டது. முன்வரிசை மாணவர்கள் கவனித்தார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு வகுப்பிலிருந்து வெளியேறினார். வீட்டுக்குப் போனவர் தொற்று குணமான பின்பும் பல நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் திரும்பியது. அந்த நாட்களில் ரோசன்பெர்க் மதிப்பெண் மீண்டும் 15க்குக் கீழே இறங்கியது.

ஆனால் முன்பு இருந்த நிலைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அப்போது “நான் பயனற்றவள்” என்றவர், இப்போது “அந்த வகுப்புக்கு எப்படித் திரும்பிப் போவேன்?” என்றார். அது விடை காணக்கூடிய கேள்வி. முன்பு சொன்ன அந்த அனுபவசாலியிடம் தொலைபேசியில் பேசினார். தமக்கும் அலுவலகத்தில் இப்படி நேர்ந்ததுண்டு என்று அவர் விவரித்ததே பாதி வேலையைச் செய்தது. தொற்றின் முதல் அறிகுறி தெரிந்ததும் விடுப்பு எடுப்பது, பள்ளியில் ஓர் ஆசிரியையிடம் மட்டும் விவரத்தைச் சொல்லி வைப்பது, மாற்றுடையைப் பள்ளியிலேயே வைத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டு திரும்பினார். மாணவர்களிடம் உடல்நலக் குறைவு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். அன்று ஒரு மாணவன், பயிற்சித் தாளின் மூன்றாம் கணக்கு தவறாக அச்சாகியிருப்பதாகச் சொன்னானாம். அவன் சொன்னது சரி. “என்னைப் பாக்கல, கணக்கைப் பாத்திருக்கான்” என்று அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் இருந்த நிம்மதியை மறக்க முடியவில்லை.

சில குறிப்புகள்

உலக மக்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே உளவியல் இருக்க முடியாது. இங்கே விவரித்தது, வளர்ந்து ஆளாகித் தன் மதிப்பை ஒரு தொழிலில் நிறுவிக்கொண்ட பின் காயம்பட்ட ஒருவரின் நிலை. பிறவியிலேயே இயலாமை உடையவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய உடல் என்று ஒன்று கிடையாது. அவர்களிடம் நான் காணும் காயம் பெரும்பாலும் சிறுவயதில் எதையும் முயன்று தோற்க அனுமதிக்கப்படாததால் வருவது. வெளியே தெரியாத நோய்களும் வலிகளும் உடையவர்களின் துன்பம் நேர் எதிரானது: அவர்கள் நம்பப்படுவதில்லை; சோம்பல் என்றும் நடிப்பு என்றும் கேட்டுக் கேட்டுத் தம்மையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள்.

1978இல் பிலிப் பிரிக்மனும் சகாக்களும் நடத்திய ஆய்வு ஒன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், வேறு 22 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு அது. செயலிழந்தவர்கள் விரைவில் மற்றவர்களைப் போலவே மகிழ்ச்சியாகிவிட்டார்கள் என்று அதைப் பலர் சுருக்கிவிடுகிறார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய மகிழ்ச்சி ஒப்பீட்டுக் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்தே இருந்தது. ஆனால் பிறர் கற்பனை செய்யும் பாதாளத்தில் இல்லை, அளவுகோலின் நடுப்புள்ளிக்கு மேலேயே இருந்தது. கேரி ஆல்பிரெக்டும் பேட்ரிக் டெவ்லீகரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான இயலாமை உடையவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவரின் மதிப்பீடும் உள்ளே வாழ்பவரின் மதிப்பீடும் இவ்வளவு விலகி நிற்பதை மருத்துவப் பணியாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். காயம்பட்ட முதல் வாரங்களில் நோயாளி நம் முகங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். அங்கே இரக்கம் மட்டும் எழுதியிருந்தால் அதையே தம் வருங்காலம் என்று எடுத்துக்கொள்கிறார்.

இந்த நிகழ்வுக்குப் பின் எங்கள் பிரிவின் முதல் நேர்காணலில் இரண்டு கேள்விகள் சேர்ந்தன. விபத்துக்கு முன் வீட்டிலும் வேலையிலும் எந்தெந்த முடிவுகள் உங்களுடையவையாக இருந்தன, அவற்றில் எவை இப்போதும் உங்களிடம் உள்ளன என்பது ஒன்று. யார் எதற்காக உங்களைத் தேடி வருவார்கள், இப்போது வருகிறார்களா என்பது மற்றொன்று. ஓர் ஆளின் இரண்டு விடைகளையும் வைத்துப் பார்த்தாலே வேலையை எங்கே தொடங்குவது என்பது பல வேளைகளில் புலப்பட்டுவிடுகிறது.

தற்போதைய நிலை

விபத்து நடந்து ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. முழு நேரமாகக் கற்பிக்கிறார். ரோசன்பெர்க் மதிப்பெண் 15ஐத் தாண்டி நிலைத்திருக்கிறது; படியேற முடியுமா என்றால் முடியாது என்று தயக்கமின்றிச் சொல்கிறார், அந்த விடை இப்போது மற்ற விடைகளைத் தொற்றுவதில்லை. நரம்பு வலி தீரவில்லை. மோசமான இரவுகளுக்கு மறுநாள் எரிச்சலும் தன்வெறுப்பும் இன்னும் தலைதூக்குகின்றன. ஆசிரியர் அறை மாடியிலேயே இருக்கிறது. இடைவேளையில் மற்றவர்கள் கூடிப் பேசும்போது அவர் தனியே கீழே இருக்கிறார். அதை மாற்றக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறார், பதில் வரவில்லை. கணவர் தம்மை மனைவியாகப் பார்க்கிறாரா, பார்த்துக்கொள்ள வேண்டிய நோயாளியாகப் பார்க்கிறாரா என்ற கேள்வியை அண்மையில்தான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். தண்டுவடக் காயத்துக்குப் பின் தாம்பத்திய உறவு சாத்தியம் என்பதும் அதற்கான வழிமுறைகள் உண்டு என்பதும் இருவருக்குமே யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைப் பற்றிப் பேச இருவரும் சேர்ந்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கட்டப் பணி அதிலிருந்து தொடங்கும்.